வி.டி. ஸ்டேஷனில் பவித்ரா தூங்கினாள்

பவித்ரா அன்றைக்கு ஸ்டேஷனில் தலையைத் திருப்பியது சத்தத்தைக் கேட்டா, இல்லை என் முகத்தைப் பார்த்தா? பம்பாயில் இருந்து வந்து மாதங்கள் ஆகின்றன. இந்தக் கேள்விக்கு இன்னமும் எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தால்தான் அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, நாங்கள் எந்த ஊரில் இருப்பது என்று முடிவு செய்ய முடியும். அதனால்தான் இந்தப் பயணத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கே ஏதாவது புலப்படலாம். இல்லாவிட்டால் படிக்கிறவர்களில் யாருக்காவது புலப்படலாம்.

பவித்ரா என் மகள். நான்கு வயது. பேச்சு வரவில்லை. ஆரணியில் எங்களுடையது பவர்லூம் வீடு. கூடத்தில் நான்கு தறிகள் ஓடுகின்றன. அதை ஒட்டி நாங்கள் படுக்கும் அறை. நான் பிறந்ததும் தறி வீடுதான், ஆனால் கைத்தறி. கைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சு நடக்கும், சண்டையும் நடக்கும். பவர்லூம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. கல்யாணமாகி வந்த புதிதில் தலைவலியால் தவித்தேன். பிறகு பழகிவிட்டது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே போய்விட்டது. வேண்டியவரின் தோளைத் தொடுவோம். எதிரில் இருந்தால் புருவத்தை உயர்த்தினால் போதும். சோறு ஆகிவிட்டது என்பதற்கு ஒரு முகம், நூல் அறுந்தது என்பதற்கு ஒரு முகம், வாசலில் வியாபாரி வந்திருக்கிறார் என்பதற்கு இன்னொரு முகம். எங்கள் தெருவே இப்படித்தான்.

அந்த வீட்டில் ஒரு குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று எப்படித் தெரியும்? நாங்கள்தான் கூப்பிடுவதே இல்லையே. பவித்ராவின் தூளியைத் தறிக் கூடத்தின் உத்தரத்தில்தான் கட்டியிருந்தோம். தறி ஓடும் வரை நன்றாகத் தூங்குவாள். கரண்ட் போனால் உடனே எழுந்து அழுவாள். அவள் மட்டும் இல்லை, தெருவில் உள்ள கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழும். அதை வைத்தே என் வீட்டுக்காரர் பேசுவார். "தறி நின்னா முழிச்சிக்கிறா. அவளுக்கா காது கேக்கல?" என்பார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பேச்சு வரவில்லையே என்று வேலூரில் காட்டியபோது டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தறி நின்றால் தரையின் அதிர்வும் நிற்கிறது, குழந்தைக்கு அது உடம்பில் தெரியலாம், காதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்றார். அந்தச் சோதனைக்கு வெகுநாள் காத்திருக்கும்படி ஆனது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் செல்வி ஒரு கல்யாணத்துக்காக ஆரணி வந்திருந்தாள். அவள் இருப்பது பம்பாயில். அவளுடைய வீட்டுக்காரர் அங்கே உள்ள பெரிய ரயில் நிலையமான வி.டி. ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே இருந்து டாக்ஸியில் போகும் தூரத்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் காதுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, என்னோடு வாருங்கள் அண்ணி என்றாள். தறியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரால் வர முடியாது. போகலாமா, வேலூரிலேயே காத்திருக்கலாமா என்று நான் பல நாள் குழம்பினேன். கடைசியில் செல்வியின் பெட்டியோடு என் பெட்டியும் வாசலுக்கு வந்தது.

காட்பாடியில் ஏறினோம். வழியில் வந்த ஊர்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை, நான் வெளியே பார்க்கவில்லை. பவித்ராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் ஓடினால் தூங்கினாள். ஸ்டேஷனில் நின்றால் எழுந்து அழுதாள். எதிர் பெர்த்தில் இருந்த தெலுங்கு அம்மாள் தன் கணவரிடம், எல்லாக் குழந்தைகளும் ரயில் ஆடினால் அழும், இது நின்றால் அழுகிறதே, டிரைவர் வீட்டுக் குழந்தையாக இருக்குமோ என்றார். செல்வி அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அந்த அம்மாளே ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பவித்ராவின் கையில் கொடுத்தார்.

வி.டி.யில் இறங்கியது ஒரு காலை நேரம். எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் என்றால் களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடுதான். அங்கே வண்டி வரும் நேரம் தவிர மற்ற நேரங்களில் காக்கை கத்துவது கேட்கும். இங்கே தலைக்கு மேலே எங்கேயோ இருந்த கூரையின் கீழ் அத்தனை சத்தமும் தேங்கி நின்றது. ஒலிபெருக்கியில் மூன்று பாஷைகள் மாறி மாறி வந்தன. சிவப்புச் சட்டைப் போர்ட்டர்கள் வழி கேட்டுக் கத்தினார்கள். பார்சல் வண்டிகளின் இரும்புச் சக்கரம் கல் தரையில் உருண்டது. நான் பவித்ராவின் காதுகளைப் பொத்தினேன். பொத்திய பிறகுதான் அது எவ்வளவு வேடிக்கையான செய்கை என்று தோன்றியது. அவள் என் கையை விலக்கிவிட்டு, தோளில் சாய்ந்து, தூங்கிப்போனாள்.

செல்வியின் வீட்டுக்காரர் எங்களை அழைத்துப் போக வந்திருந்தார். கட்டடத்தை வெளியே இருந்து பார்க்காமல் போகக்கூடாது என்று சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்தார். நான் கல்லூரியில் வரலாறு படித்தவள். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயில் இருந்து தாணாவுக்குப் போனது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த ரயில் கிளம்பியது இதே இடத்துக்குப் பக்கத்தில், போரி பந்தர் என்ற பழைய ஸ்டேஷனில் இருந்து என்றார் அவர். இந்தப் பெரிய கட்டடம் பிறகு வந்தது. கட்டி முடிக்கப் பத்து வருடம் ஆனதாம். நடுக் குவிமாடத்தின் உச்சியில் ஒரு கல் பெண் கையில் தீபத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். வாசல் தூண்கள் ஒன்றில் சிங்கம், ஒன்றில் புலி. கடிகாரத்துக்குக் கீழே ஆங்கிலேய ராணியின் சிலை இருந்ததாம், சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்களாம். நாங்கள் போனபோது ஸ்டேஷனின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். ராணியின் பெயர் போய் மராட்டிய மன்னரின் பெயர் வந்திருந்தது. டாக்ஸிக்காரர்கள் வி.டி. என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

சுவரில் கல் மயில்கள் தோகை விரித்து நிற்கின்றன. இந்த ஊரின் ஓவியப் பள்ளி மாணவர்கள் செதுக்கியவை என்றார். தோகையின் கண்களை நான் உற்றுப் பார்த்தேன். முந்தானையில் நாங்கள் நெய்யும் மயிலுக்கு எல்லாக் கண்ணும் ஒன்றுபோலத்தான் வரும், தறியில் மாட்டும் டிசைன் அட்டை அப்படி. இங்கே ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறாக இருந்தது. தூங்குகிற குழந்தையைச் சுமந்துகொண்டு இதையெல்லாம் பார்க்கிறோமே என்று உடனே மனம் உறுத்தியது. போகலாம் என்றேன்.

செல்வியின் வீடு நான்காவது மாடியில், பின்பக்கம். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர். பம்பாயில் இவ்வளவு அமைதியான வீடு கிடைத்ததற்கு அவர்கள் பெருமைப்பட்டார்கள். பவித்ரா அங்கே தூங்கவே இல்லை. மிக்ஸியைப் போட்டுப் பார்த்தாள் செல்வி. பவித்ராவுக்குக் கண் சொருகியது. மிக்ஸி சூடானதால் நிறுத்தியதும் விழித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி. சோதிக்கும் அறைக்குள் போனதும் எனக்கே பயமாக இருந்தது. சுவர் முழுவதும் மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தார்கள். கதவை மூடியதும் என் மூச்சு எனக்குக் கேட்டது. அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை. சோதிக்கும் பெண் எங்களை உட்காரவைத்து, பின்னால் மணி அடிப்பேன், குழந்தை திரும்புகிறதா என்று பார்ப்போம் என்றாள். அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. பவித்ரா அழ ஆரம்பித்துவிட்டாள். கரண்ட் போனால் அழுகிற அதே அழுகை. எல்லாக் குழந்தைகளும் சத்தம் வைத்தால் பயப்படும், இது சத்தம் இல்லாமல் பயப்படுகிறது என்றாள் அந்தப் பெண் இந்தியில், செல்வி அதைத் தமிழில் சொன்னாள். நான் தறி வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, வேறு ஒரு சோதனை இருக்கிறது என்றாள். தலையில் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்கு அது போகிறதா என்று மெஷினே பார்க்குமாம். ஆனால் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும்.

அதற்கடுத்த நாள் தூக்க மருந்து கொடுத்தார்கள். பவித்ரா தூங்கவில்லை. கள் குடித்தவள் மாதிரி தள்ளாடிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். வீட்டில் தூங்கவைத்துக் கூட்டி வந்திருக்கக்கூடாதா என்று கேட்டாள். பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்து திரும்பினோம். மருந்து கொடுத்தது தவறோ, அழுததும் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டுமோ, வேலூர்தான் சரியோ என்று எனக்குள் ஒரே குழப்பம். பஸ் ஸ்டாப்பில் செல்வி வடா பாவ் வாங்கிக் கொடுத்தாள். பன்னுக்கு நடுவே போண்டா வைத்தது போல் இருந்தது. பவித்ரா பன்னை மட்டும் தின்றாள். சாப்பிட்டுக்கொண்டே செல்வி சொன்னாள்.

"அண்ணி, வந்த அன்னிக்கி ஸ்டேஷன்ல தூங்குனா இல்ல? நாளைக்கி அங்கயே தூங்கவச்சி, அப்டியே தூக்கிகினு வந்துட்டா இன்னா?"

"மத்தவங்க கேட்டா சிரிப்பாங்க செல்வி."

"சிரிக்கட்டும். ஊர்ல புள்ளைக்கி தாலாட்டு பாடுவாங்க. நம்ம ஊட்டுப் புள்ளைக்கி ரயிலு வேணும். அவ்ளோதான?"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, எப்படியாவது தூங்கிக்கொண்டு வந்தால் சரி, எந்த நேரம் வந்தாலும் முதலில் எடுக்கிறோம் என்று அந்தச் சோதிக்கும் பெண் சொன்னாள்.

ஆகவே மறுநாள் காலையில் இருந்தே நான் வி.டி. ஸ்டேஷனில் இருந்தேன். ரயிலுக்காக இல்லாமல் ஒரு ரயில் நிலையத்தில் பல மணி நேரம் இருந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் கூடத்தின் மேற்கூரையில் நட்சத்திரங்கள் வரைந்திருப்பதைப் பார்த்தேன். வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமான்களை ஒப்படைக்கும் அறையில் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். எங்கள் துணிப்பைக்குப் பூட்டுக்கு எங்கே போவது? ஸ்டேஷன் வாசலிலேயே பூட்டும் சங்கிலியும் விற்கிறவர் உட்கார்ந்திருந்தார். துணிப்பையின் இரண்டு காதையும் சேர்த்து அவரே பூட்டிக் கொடுத்தார். இரவு தங்க அறைகள் உண்டு, குளிக்க இடம் உண்டு, விசாரணை ஜன்னல்களில் மராட்டியிலும் இந்தியிலும் கேட்பவர்களுக்குச் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள். ஒரு முழு ஊருக்கு வேண்டியது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது.

பெண்கள் காத்திருக்கும் அறையில் சாந்தாபாய் என்று ஓர் அம்மாள் காவல் இருந்தார். பச்சைப் புடவையைக் கச்சம் கட்டியிருந்தார். டிக்கெட்டைக் காட்டு என்றார். நான் திரும்பிப் போகும் டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இது சனிக்கிழமை ரயிலுக்கு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். செல்வி சொன்னாள். அப்படியானால் சனிக்கிழமை வா என்றார். செல்வி இந்தியில் நிலைமையை விளக்கினாள். ஸ்டேஷனில் தூங்கினால்தான் ஆஸ்பத்திரியில் சோதிக்க முடியும் என்ற பேச்சை அவர் நம்பவில்லை. நானும் நம்பியிருக்க மாட்டேன். இங்கே தூங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கதையோடுதான் வருகிறார்கள், இது புதுக் கதை என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்.

வெளியே பெரிய கூடத்தில், ரயில் அறிவிப்புப் பலகைக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பவித்ராவை மடியில் கிடத்தினேன். சத்தம் இருந்தது, ஆனால் போகிற வருகிறவர்களை அவள் வேடிக்கை பார்த்தாள். தூக்கம் வரவில்லை. மதியம் ஆகிவிட்டது. சாந்தாபாய் டீ குடிக்க வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வந்து, குழந்தை எத்தனை நேரமாக இப்படி விழித்திருக்கிறது என்று கேட்டார். செல்வி சொன்னாள். அவர் பெஞ்சில் இருந்த என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடந்தார். அறையின் மூலையில், பிளாட்பாரத்தை ஒட்டிய சுவர் ஓரம் இருந்த பெஞ்சில் படுத்திருந்தவரை எழுப்பி உட்காரவைத்து, எனக்கு இடம் கொடுத்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இன்ஜின் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பெஞ்சின் மரம் லேசாக அதிர்ந்தது. பவித்ரா கன்னத்தை மரத்தில் வைத்தாள். நான் தட்டிக்கொடுக்கவும் தேவை இருக்கவில்லை.

அவள் தூங்கியதில் வந்த நிம்மதி அரைக்கணம்தான் இருந்தது. கன்னத்தை வைத்தாளே, அப்படியானால் காதால் இல்லையா, வேலூர் டாக்டர் சொன்னதுதானா என்று அடுத்த யோசனை வந்துவிட்டது.

"இன்னா அண்ணி யோசிச்சிகினு? ஜல்தி தூக்குங்க," என்றாள் செல்வி.

டாக்ஸியில் ஏறினோம். முதல் சிக்னலில் டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். பவித்ராவின் உடம்பு மடியில் அசைந்தது. செல்வி பதறி, நிறுத்தாதீர்கள், ஓடட்டும் என்றாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். என் வாழ்க்கையில் சத்தம் போடாதே என்று சொன்ன சவாரிகளைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார். ஆனால் அதற்குப் பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது குழந்தையை எழுப்பிவிடாதபடி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவரையும் குறை சொல்ல முடியாது, தூங்கும் குழந்தை என்றால் எல்லாருக்கும் வரும் பழக்கம் அது. அதற்குள் பவித்ரா ஆழ்ந்து தூங்கியிருந்தாள், வண்டியை விட்டு இறங்கியும் எழவில்லை. சோதனை நடந்தது.

மறுநாள் டாக்டர் விளக்கினார். வயதானவர், எனக்காக மெதுவாக இங்கிலீஷ் பேசினார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. கனத்த சத்தம் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்ச் சேருவதில்லை. பேச்சில் பாதி எழுத்துகள் அப்படிப்பட்டவை, அதனால்தான் பேச்சு வரவில்லை. தறியாலா என்று கேட்டேன். சொல்ல முடியாது, பிறக்கும்போதே இருந்திருக்கலாம் என்றார். எதுவாக இருந்தாலும் இனி சத்தத்தில் வைக்கக்கூடாது. காதுக்கு மெஷின் கொடுத்தார். நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இருந்து காதுக்கு ஒயர். அமைதியான இடத்தில் மட்டும் போட வேண்டும், ஸ்டேஷனில் போட்டால் எல்லாச் சத்தமும் பெரிதாகிக் குழந்தை பயந்துவிடும் என்றார்.

பிறகு பள்ளிக்கூடம். பம்பாயில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு பள்ளி இருக்கிறது, அம்மாவும் வகுப்பில் கூடவே உட்கார வேண்டும், ஜூனில் சேர்க்கிறார்கள். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது தேவைப்படாது. சில மாதங்கள் பாருங்கள் என்றார். ஒயர் ஒட்டிச் செய்த சோதனை காதைப் பற்றித்தான் சொல்லும், கேட்டதை வைத்துக் குழந்தை என்ன செய்கிறாள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பின்னால் இருந்து மெதுவாகப் பெயர் சொல்லுங்கள். திரும்பப் பழகிவிட்டால் உங்கள் ஊர்ப் பள்ளியே போதும். திரும்பவில்லை என்றால் இங்கே கொண்டு வாருங்கள், தாமதிக்காதீர்கள். கிளம்பும்போது ஒன்று சொன்னார். "உங்கள் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது. இவள் எல்லாவற்றையும் முகத்தில் இருந்து எடுத்துக்கொள்கிறாள்."

பள்ளியில் சேர்த்தால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம் அண்ணி என்றாள் செல்வி. அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் நானும் பவித்ராவும் பம்பாய், என் வீட்டுக்காரர் மட்டும் ஆரணியில் தறியோடு என்றால் அது எத்தனை வருடம்? எஸ்.டி.டி. பூத்தில் இருந்து ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்து அவரை அழைக்கச் சொன்னேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அவர் பின்னால் தெருவில் தறிகள் ஓடுவது எனக்குக் கேட்டது.

"பாப்பா இன்னா பண்றா?" என்றார்.

"பக்கத்துல நிக்கிறா."

"தறிய வெளிய போடலாம்னா எடம் வேணும். உன்ன அனுப்பலாம்னா..." என்று நிறுத்தினார். "நீயே பாத்து சொல்லு. நீதான் படிச்சவ."

படித்ததில் இதற்குப் பாடம் இல்லை. நான் ரிசீவரைப் பவித்ராவின் காதில் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தறியைக் கேட்டாளா, நான் செய்ததைப் பார்த்துச் செய்தாளா, தெரியாது. லைன் போன பிறகும் தர மறுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. சீக்கிரமே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். சாந்தாபாய் அன்றைக்கு டிக்கெட் கேட்கவில்லை. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நாங்கள் பெரிய கூடத்தில் அந்தப் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். எந்த பிளாட்பாரம் என்று பலகையில் வர வேண்டும்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரயிலின் பெயரும் நேரமும் சின்னச் சின்னத் தகடுகளில் இருக்கும். ஒரு ரயில் கிளம்பிப் போனதும் தகடுகள் சடசடவென்று புரண்டு அடுத்த ரயிலின் பெயர் வந்து நிற்கும். முதல் நாள் அதைக் கேட்டபோதே எனக்குத் தறியின் மேல் உள்ள ஜக்கார்டு பெட்டியில் டிசைன் அட்டைகள் புரள்வது போல இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தின் சத்தத்துக்கு நடுவே அது மெல்லிய சத்தம்தான். மெல்லிய, கூர்மையான சத்தம். டாக்டர் சொன்னாரே, போய்ச் சேராது என்று, அந்த வகை.

பவித்ரா என் காலடியில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தபடி, பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வடா பாவ் சுற்றி வந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் என் பைக்குள் இருந்தது. பலகை புரண்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். பவித்ரா திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

"அண்ணி, திரும்புனா," என்றாள் செல்வி.

"நான் பாத்தேன் இல்ல, அதப் பாத்து திரும்பியிருப்பா."

"நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே திரும்புனா. நான் பாத்துகினே இருந்தேன்."

"அவ குனிஞ்சிகினு காகிதத்த மடிச்சிகினு இல்ல இருந்தா? என் மூஞ்சிய எப்ப பாத்தா?" என்றேன், எனக்கே சந்தேகம் வந்து.

"அதான் நானும் சொல்றேன்."

ஆனால் குனிந்துதான் இருந்தாளா? நான் நிமிர்ந்த கணத்தில் அவள் தலை எங்கே இருந்தது? அது மட்டும் எனக்கு நினைவில் இல்லை. நான் பலகையைப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு தடவை புரளட்டும், நான் தலையைக் குனிந்தே வைத்திருக்கிறேன், நீ பார் என்று செல்வியிடம் சொன்னேன். பவித்ராவை மறுபடி என் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். அவள் உட்காரவில்லை. அவளுக்குப் பலகை பிடித்துப்போய்விட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகடுகள் புரண்டபோது சிரித்தாள். எங்கள் ரயிலின் பெயரும் பிளாட்பாரமும் வந்துவிட்டன. போர்ட்டர் பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டார். பவித்ரா என் தோளில் இருந்தபடி, பலகை மறையும் வரை பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது ஆரணியில் இருக்கிறோம். எங்கள் அறையை மாற்றி, தறிக்குத் தூரமாகப் பின்கட்டில் படுக்கிறோம். பவித்ரா சரியாகத் தூங்குவதில்லை. தறி நிற்கும் நேரத்தில் மெஷினைப் போடுகிறேன். கரண்ட் போனால் முன்பெல்லாம் சலித்துக்கொள்வோம், இப்போது நான் அதற்காகக் காத்திருக்கிறேன். டாக்டர் சொன்னபடி பின்னால் இருந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன். சில தடவை திரும்புகிறாள். அப்போதெல்லாம் அவளுக்கு எதிரே யாராவது இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர், தறிக்கு வருகிறவர், ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பெண். நான் கூப்பிட்டதும் அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், புருவத்தை உயர்த்துகிறார்கள். வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் அவர்களால் முடியவில்லை. தறித் தெருக்காரர்களின் முகம் சும்மா இருக்காது. யாரும் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டால், என் காலடியில் தரை அதிர்ந்ததோ, சுவரில் என் நிழல் விழுந்ததோ என்று நானே கெடுத்துக்கொள்கிறேன். அவள் திரும்பினால் நான் சிரித்துவிடுகிறேன். திரும்பவில்லை என்றால் என் முகம் எப்படி மாறுகிறதோ, அதையும் அவள் பார்க்கிறாள். பிறகு அன்று முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பம்பாய்ப் பள்ளிக்கு வருகிறோமா இல்லையா என்று ஜூனுக்குள் செல்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் காது குறைவான குழந்தையை வளர்த்தவர்கள், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, குழந்தை திரும்புகிறாளா என்று காத்திருக்கும் அந்த நேரத்தில், ஓர் அம்மா தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?